எட்டுப் பேருக்கு ஒரு ஜாகை

என் தாயார் எந்தப் பிரயாணத்திலும், ஜனக்கூட்டம் மிகுந்த ஓரிடத்தைக் கடந்தவுடன், எங்களை நிறுத்திவைத்துத் தலை எண்ணுகிற வழக்கமுடையவள். களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது எங்கள் தஞ்சாவூர்ச் சீமையின் சம்பிரதாயமாதலால், அவளும் தன்னையே லாபமாக வைத்துக்கொண்டு, ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று விரல் நீட்டாமல் கண்ணாலேயே எண்ணிப்போய், ‘எட்டு’ என்று முடித்த பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைப்பாள். இந்த எட்டு என்னும் எண் மனித வாழ்க்கையில் இத்தனை சங்கடத்தை விளைவிக்கக் கூடியது என்பது, ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு வாரம் தங்குவதற்கு ஜாகை தேடப் புகுந்த வரையில் எனக்குத் தெரியாது.

அந்த எட்டுப் பேர் இன்னாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன்: எழுபத்தொன்பது வயது நிரம்பிய என் தாயார், நான், என் மனைவி, என் மகன், அவன் மனைவி, அவர்களுடைய ஒன்பது வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், கடைசியாக, இன்னும் விவாகமாகாத என் மகள். கும்பகோணத்தில் இது ஒரு கூட்டமே அன்று. பண்டிகை நாளில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. ஐரோப்பாவில் எத்தனையோ தேசங்களிருக்க நாங்கள் ஒல்லாந்தர் தேசத்தைத் தேர்ந்துகொண்டதற்கும் என் தாயாரே காரணம். அவள் பிறந்த ஊர் நாகப்பட்டினம். 1658-ஆம் ஆண்டில் அந்தத் துறைமுகத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி, 1781-இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும் வரையில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வியாபாரமும் அதிகாரமும் செலுத்தியவர்கள் ஒல்லாந்தர். “அத்தனை தூரம் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்து கோட்டை கட்டிக்கிட்டு உட்கார்ந்தாங்களே, அவங்க ஊர்தான் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்துடணும்டா” என்று அவள் பல வருஷங்களாகச் சொல்லிவந்தாள். பேரப்பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வந்ததும், அந்த ஆசையை நிறைவேற்றுவதென்று நிச்சயித்தோம்.

விமானச் சீட்டு வாங்குவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிட்டது. விமானத்தில் ஆளுக்கு ஓர் ஆசனம் என்பதால், எட்டுப் பேரானாலும் எண்பது பேரானாலும் அங்கே கணக்கு இடறுவதில்லை. ஓட்டல்காரர்களுடைய கணக்கோ வேறு விதம். அவர்கள் மனித குலத்தை இரண்டிரண்டாக வகுத்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எந்த ஓட்டலின் பக்கத்தைத் திறந்தாலும், நாம் வாய் திறக்குமுன்பே, ‘பெரியவர் இருவர், குழந்தைகள் இல்லை’ என்று அது தானாகவே எழுதிக்கொண்டு நம்மை எதிர்நோக்குகிறது. இரண்டை மூன்றாக்கினால் வாடகை ஏறுகிறது. நான்காக்கினால் பெரும்பாலான ஓட்டல்கள் மறைந்துபோகின்றன. ஆறுக்கு மேல் போனால், இது குடும்பமா ஊர்வலமா என்று ஐயுற்றதுபோல அந்தத் திரை சற்று நேரம் சுழன்றுவிட்டு, நகரத்துக்கு வெளியே ஏதோ ஓரிடத்தைக் காட்டி ஓய்ந்துவிடுகிறது. ‘குடும்ப அறை’ என்று விளம்பரப்படுத்தப்படுவதும், தாய் தந்தையரும் இரு குழந்தைகளுமாக நால்வர் படுக்கிற அறையே தவிர, பாட்டியும் அத்தையும் அடங்கிய குடும்பத்துக்கு ஏற்பட்டதன்று.

நான்கு அறைகளாக எடுத்துக்கொண்டால் என்ன என்று என் மகன் கேட்டான். நான்கு அறை என்றால் நான்கு வாடகை என்பது ஒருபுறமிருக்க, அந்த வாடகையின்மேல் நூற்றுக்கு 12.5 வீதம் நகராட்சி வசூலிக்கிற தங்கல் வரியும் சேர்கிறது. 2024-ஆம் ஆண்டு தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் நடைமுறையிலிருக்கும் விகிதம் அது. பயணிகளின் பெருக்கத்தால் திணறும் அந்நகரம், பழைய ஓட்டல் ஒன்று மூடப்பட்டாலன்றிப் புதிய ஓட்டலுக்கு இடங்கொடுப்பதில்லை என்றும் அதே ஆண்டில் தீர்மானித்திருக்கிறபடியால், அறைகளின் விலை இறங்குமென்று காத்திருப்பதிலும் பயனில்லை. ஆனால் பணத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்றிருந்தது. நான்கு அறைகள் என்பது நான்கு கதவுகள். அவை அடுத்தடுத்து அமையுமா என்று நான் கடிதமெழுதிக் கேட்ட ஓட்டல்காரர், ‘கூடுமான வரையில் முயல்கிறோம், உறுதி கூற இயலாது’ என்று மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார். இரண்டாம் மாடியில் பேத்தியும் ஐந்தாம் மாடியில் பாட்டியுமாக, அட்டையைத் தேய்த்தால் திறக்கிற கதவுகளுக்குப் பின்னே தனித்தனியாகப் படுத்துக்கொள்வதற்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போக வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

ஆகவே ஓட்டலை விட்டு வீடு பிடிக்கலாமென்று பார்த்தோம். குடியிருப்பவர்கள் தாங்கள் ஊரிலில்லாத நாட்களில் தம் வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விடுவது இக்காலத்தில் உலகமெங்கும் பரவியுள்ள ஏற்பாடு. சமையலறை இருக்கும், துணி துவைக்கும் யந்திரம் இருக்கும், கூடத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதுவே விமோசனம் என்று எண்ணி மகிழ்ந்திருந்த வேளையில்தான், ஆம்ஸ்டர்டாமின் சட்டம் குறுக்கே வந்து நின்றது. அங்கே வீட்டுக்காரர் ஒருவர் இவ்வாறு தம் வீட்டை விடுவதற்கு நகராட்சியின் அனுமதியும் பதிவெண்ணும் பெற்றிருக்க வேண்டும். வருஷத்தில் 30 இரவுகளுக்கு மேல் விடலாகாது. ஒரே சமயத்தில் நால்வருக்கு மேற்பட்டவரைத் தங்கவைக்கவும் கூடாது. நால்வர்! எங்களில் சரிபாதி!

சட்டத்தைப் படித்த முதல் கணத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதன் காரணத்தை ஆராய்ந்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. பயணிகளிடம் ஒரு வாரத்தில் கிடைக்கிற பணம், நிரந்தரமாகக் குடியிருப்பவரிடம் ஒரு மாதத்தில் கிடைக்காதென்றால், வீட்டுக்காரர் யாருக்கு விடுவார்? வீடுகளெல்லாம் சத்திரங்களாகிவிட்டால், அந்த ஊரில் ரொட்டி சுடுகிறவரும் ட்ராம் ஓட்டுகிறவரும் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் எங்கே குடியிருப்பார்கள்? கெட்டிச் சுவர்களில்லாத பழைய வீடுகளில், வாரத்துக்கு ஒரு கூட்டம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நள்ளிரவில் சிரித்தால், கீழ்வீட்டுக் குழந்தை எப்போது தூங்கும்? தன் பிரஜைகளுக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்று கவலைப்படுகிற நகரத்தைக் குறை சொல்ல, அங்கே ஒரு வாரம் தங்கிப் போக வருகிற எனக்கு என்ன பாத்தியதை?

இந்நிலையில் ஒரு வீட்டுக்காரர் தாமாகவே ஒரு யோசனை சொன்னார். பத்திரத்தில் நால்வர் என்று எழுதிக்கொள்ளலாமாம். மற்ற நால்வரும் இருட்டிய பிறகு ஓசைப்படாமல் மாடியேறி வந்துவிடலாமாம். அண்டைவீட்டார் கேட்டால், சாப்பிட வந்த உறவினர் என்று சொல்லிவிடலாமாம். வாடகையும் நயமாகவே இருந்தது. என் மகனுக்குச் சிறிது சபலம் தட்டியதென்றுதான் நினைக்கிறேன். விஷயத்தை அம்மாவிடம் சொன்னோம். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏண்டா, ஒருத்தர் வீட்டுல ஒளிஞ்சு படுத்துக்கிட்டா தூக்கம் வருமா? அந்தக் குழந்தைங்ககிட்ட சத்தம் போடாதே, சத்தம் போடாதேன்னு ஏழு நாளும் சொல்லிக்கிட்டே இருப்பியா?” என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பிறகு சுற்றுவட்டாரத்தை ஆராய்ந்தோம். ஹார்லெம் என்ற அழகிய பழைய நகரம், ரயிலில் கால்மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது. 1839-இல் நெதர்லாந்தின் முதல் ரயில் ஓடியதே அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில்தான். அங்கே இடம் சற்று மலிவு. ஆனால் முதியவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு ரகசியம் உண்டு. ஜாகை என்பது இரவில் படுப்பதற்கு மாத்திரமன்று. பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து ஒரு நாழிகை காலை நீட்டுவதற்குமாகும். ஊருக்கு வெளியே தங்கியவர்கள் காலையில் புறப்பட்டால் இரவில்தான் திரும்பலாம். நடுப்பகலில் தாகமும் அசதியும் அழுகையும் தெருவிலேயே தீர வேண்டும். ஆதலால் ஹார்லெம் கைவிடப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் சுமார் 2,500 படகு வீடுகள் கட்டிக்கிடக்கின்றன என்று அறிந்து என் பேரன் துள்ளிக் குதித்தான். “வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வெள்ளம்ங்கிறோம், தண்ணிக்குள்ள வீட்டைக் கொண்டுபோய் விட்டா அதுக்கு என்னடா பேரு?” என்று கேட்டுப் பெரிய பாட்டி அவன் உற்சாகத்தைக் கெடுத்தாள். நல்லவேளையாக, நால்வர் என்ற விதி படகுக்கும் உண்டென்று தெரிந்ததால் அந்த வழக்கு விசாரணையின்றியே தள்ளுபடியாயிற்று.

வழி கண்டுபிடித்தவள் என் மருமகள். “மாமா, இங்கே எட்டுப் படுக்கை இருக்கிற அறையே இருக்கு. ஆனா பேரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, வொண்டல் பூங்காவின் ஓரத்திலுள்ள ஒரு விடுதியைக் காட்டினாள். அது ‘இளைஞர் விடுதி’! எழுபத்தொன்பது வயதுத் தாயாரை அழைத்துக்கொண்டு இளைஞர் விடுதியில் போய் இறங்குவதா என்று நான் தயங்கினேன். வயது வரம்பு இல்லை என்றும், அறை முழுவதையும் ஒரு குடும்பத்துக்கே தருவார்கள் என்றும், ஒரே கதவு, ஒரே சாவி, குளியலறை உள்ளேயே, காலை உணவு வாடகையில் அடக்கம் என்றும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். நான்கு ஓட்டல் அறைகளின் வாடகையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அன்றிரவே முன்பணம் கட்டிவிட்டோம்.

இத்தகைய விடுதிகள் எப்படித் தோன்றின என்பதைப் பிறகு படித்தறிந்தேன். 1909-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைப் பாதயாத்திரையாக அழைத்துச் சென்றபோது, வழியில் பெரும் புயல்மழை பிடித்துக்கொள்ள, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி அத்தனை பேரும் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடுமுறையில் வெறுமனே பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடங்களை நடந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அந்த இரவில்தான் உதித்ததாம். அல்டேனா என்ற ஊரின் பழங்கோட்டையில் அவர் ஏற்படுத்திய விடுதி ஓர் இயக்கத்துக்கு வித்தாயிற்று. ஒல்லாந்தர் தேசத்தில் 1929-இல் அதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. மழைக்கு ஒதுங்கியவனுக்குத் திண்ணை தந்த வீட்டின் கதையாகவே இது எனக்குப் பட்டது. ராமேசுவரம் போகும் வழியில், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதன் வாசலில் வந்து நின்ற யாத்திரிகரை, ‘நீங்கள் இரண்டு பேரா, நான்கு பேரா’ என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பந்தி எத்தனை நீள வேண்டும் என்று பார்ப்பதற்கு மட்டுமே எண்ணியிருப்பார்கள். இல்லை என்று சொல்வதற்காக எண்ணும் வழக்கம் பின்னால் வந்தது.

மே மாதத்தின் தொடக்கத்தில் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்கினோம். 1852-இல் நீரை இறைத்து வற்றச்செய்த ஒரு பெரிய ஏரியின் அடித்தளத்தில், கடல்மட்டத்துக்கு 3 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே அந்த நிலையம் அமைந்திருக்கிறது என்று என் மகன் விளக்கியபோது, அம்மா காலடியைச் சற்று ஐயத்தோடு பார்த்துக்கொண்டாள். ரயிலேறி மத்திய நிலையத்தில் இறங்கி, இரண்டாம் எண் ட்ராமில் ஏறினோம். அங்கே ஓர் அட்டையைக் காட்டி எட்டுப் பேர் ஏற முடியாது. ஆளுக்கோர் அட்டையை யந்திரத்தில் தொட்டுக்கொண்டு ஏற வேண்டும். எட்டுத் தடவை அது ‘பிப்’ என்றது. ஒவ்வொரு ஓசைக்கும் அம்மா ஓர் எண் சொல்லிவந்தாள். தனக்காக யந்திரமே தலை எண்ணுகிற தேசம் அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

விடுதியின் அறையில் நான்கு இரட்டையடுக்குக் கட்டில்கள்; அவற்றுக்கப்பால் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூங்காவின் மரங்கள், மரங்களுக்கு அடியில் எண்ணற்ற சைக்கிள்கள். மேல்கட்டிலுக்குக் குழந்தைகள் போட்டியிட்டார்கள். கீழ்க்கட்டில்களைப் பெரியவர்கள் பகிர்ந்துகொண்டோம். என் தலைக்கு நேர் மேலே என் மகன் புரளும்போதெல்லாம் கட்டில் ஒரு வார்த்தை பேசும். கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து உறவினரெல்லாரும் வரிசையாகப் படுத்துக்கொண்டு, விளக்கணைந்த பிறகு இருட்டிலே பேசிச் சிரிக்கிற சுகம் ஒன்றுண்டல்லவா? அந்தச் சுகத்தை வொண்டல் பூங்காவின் ஓரத்தில் நாங்கள் ஏழு இரவுகள் அனுபவித்தோம். என் மகளும் மருமகளும் அடுத்தடுத்த மேல்கட்டில்களில் படுத்துக்கொண்டு பேசியதைப் போல் கும்பகோணத்தில் பேசி நான் கேட்டதில்லை. நட்சத்திர ஓட்டலின் எந்த அறைக்கும் இந்தப் பெருமை வாய்க்காது.

கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். எட்டுப் பேருக்குக் குளியலறை ஒன்றே. காலையில் அங்கே நடந்த வரிசைச் சண்டையை எழுதப் புகுந்தால் கட்டுரை நீளும். பெரிய குடும்பத்துக்கு ஜாகை பிடிக்கிறவர்கள், படுக்கை எத்தனை என்று கேட்குமுன் குளியலறை எத்தனை என்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் அனுபவத்தால் சொல்லிவைக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்திலோ எல்லாரும் சமரசமானார்கள். ரொட்டியின்மேல் வெண்ணெய் தடவிச் சாக்லேட் துகள்களை மழையாகத் தூவித் தின்பது அந்நாட்டார் வழக்கம்; பெரியவர்களே அதைச் செய்வதைக் கண்ட என் பேரப்பிள்ளைகள், தாங்கள் இதுவரை தவறான தேசத்தில் வளர்க்கப்பட்டுவிட்டதாகக் கருதினார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது வேறொரு புதையல். ‘கார்னமெல்க்’ என்று எழுதியிருந்த அட்டைக்குப்பியைத் திறந்து முகர்ந்துபார்த்த என் மனைவி, “மோர்!” என்றாள். கெட்டியான, புளித்த மோர். கையோடு கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கோப்பை குடித்துவிட்டு, “மோர் குடிக்கிறவங்க கெட்டவங்களா இருக்கமாட்டாங்க” என்று நாகப்பட்டினத்துப் பழைய கணக்கையும் அவள் தீர்த்துவிட்டாள்.

பகற்பொழுதில் கால்வாய்க் கரைகளில் நடந்தோம். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அந்த வீடுகள், எங்கள் ஊர் அக்ரகாரத்து வீடுகளைப் போலவே, முகப்பில் ஒடுங்கி உள்ளே நீண்டு செல்பவை. வேற்றுமை என்னவெனில், நம்முடையவை பின்னோக்கி மட்டும் வளர்ந்தன, அவை மேல்நோக்கியும் வளர்ந்தன. சேற்று நிலமாதலால் மரத்தூண்களை ஆழ அடித்து அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள். அரண்மனை ஒன்று மாத்திரமே 13,659 மரத்தூண்களின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் ஒரு விட்டமும் அதில் ஒரு கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கக் கண்டு விசாரித்தோம். உள்ளே மாடிப்படிகள் அத்தனை குறுகல், அத்தனை செங்குத்து. கட்டிலும் பீரோவும் அவற்றில் ஏறமாட்டா. ஆகையால் கொக்கியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்கிறார்கள். ஒளிந்து தங்கலாமென்று யோசனை சொன்னவருடைய வீடு நான்காம் மாடியில் இருந்தது என்பது எனக்கு அப்போது நினைவு வந்தது. “நல்லவேளை, அங்கே போயிருந்தா என்னையும் கயிறு கட்டித்தான் இழுத்திருப்பீங்க” என்றாள் அம்மா.

பிரின்சன்கிராக்ட் என்ற கால்வாயின் கரையில் 263-ஆம் எண் வீட்டுக்கு ஐந்தாம் நாள் சென்றோம். ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி நாட்குறிப்பு எழுதிய வீடு அது. வாரக்கணக்கில் முன்னதாகவே நேரம் குறித்துச் சீட்டு வாங்கியிருந்தோம். முன்பகுதியில் அவள் தந்தையின் வியாபார அலுவலகம். புத்தக அலமாரி ஒன்றைக் கதவுபோலத் திறந்தால், அதன் பின்னே மறைவான பின்கட்டு. நாஜிகளுக்கு அஞ்சி 1942 ஜூலையில் அந்தக் குடும்பத்தார் அங்கே புகுந்தார்கள். சில நாட்களில் இன்னொரு குடும்பம் சேர்ந்தது. நவம்பரில் மேலும் ஒருவர் வந்தார். ஆக எத்தனை பேர் என்று அம்மா கேட்டாள். “எட்டுப் பேர் பாட்டி” என்றாள் என் மகள்.

அம்மா அந்தச் செங்குத்தான படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அறைகளில் ஒரு கட்டிலும் இல்லை, ஒரு நாற்காலியும் இல்லை. வெறுமையாகவே இருக்க வேண்டும் என்பது அந்தத் தந்தையின் விருப்பமாம். எட்டுப் பேருக்கும் கழிப்பறை ஒன்றே. பகலில் கீழே வேலை செய்கிற ஆட்களுக்குக் கேட்டுவிடுமென்று அதில் தண்ணீர் விடமாட்டார்கள். அடி வைப்பதும் மெதுவாக, இருமுவதும் மெதுவாக, இரண்டு வருஷத்துக்கு மேல். ஒரு சுவரில் பெண்களின் உயரத்தை அளந்து பென்சிலால் இட்ட கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இன்னும் அழியாமல் இருக்கின்றன. என் பேத்தி தன் தலையை உள்ளங்கையால் தொட்டு அந்தக் கோடுகளோடு ஒத்துப்பார்த்தாள். வீட்டில் அவளை நாங்கள் அளப்பதும் நிலைப்படியின் ஓரத்தில் இப்படித்தான். குழந்தைகளிடம் சத்தம் போடாதே என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1944 ஆகஸ்டு 4-ஆம் தேதி அவர்கள் பிடிபட்டார்கள். வெளியே வந்து கால்வாயின் ஓரத்தில் நின்றபோது, “எட்டுப் பேர்ல எத்தனை பேர்டா திரும்பினாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ஒருத்தர்தான்மா. அந்தப் பொண்ணோட அப்பா.”

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ட்ராமில் எட்டுத் தடவை யந்திரம் ஒலித்தபோதும், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு விடுதியில் கீழ்க்கூடத்து இளைஞர்களின் ஆரவாரம் அடங்க நேரமாயிற்று. மறுநாள் காலையில் யார் முதலில் குளிப்பது என்ற விவகாரம்கூட எழாமல் எல்லாரும் படுத்துவிட்டோம். விளக்கை அணைக்க எழுந்த என்னை, “இருடா” என்று நிறுத்திவிட்டு, அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்தபடியே மேலும் கீழுமாக ஒவ்வொரு படுக்கையையும் பார்த்தாள். “லாபம், ரெண்டு, மூணு” என்று தொடங்கி எட்டு வரையில் வந்தாள். பிறகு, நான் கண்டறியாத வழக்கமாக, மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அவள் முடிக்கும் வரையில் நான் விளக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.